சாக்கடை இன்ஜினியர்

போன மாசம் சொந்தத்துல ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். பந்தியில என் பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர், "பொண்ணு என்னப்பா படிக்குது?" என்று கேட்டார். "சிவில் முடிச்சிருச்சுங்க, இப்ப மேல படிக்குது, கழிவுநீர் சுத்திகரிப்பு சம்பந்தமா" என்றேன். "அத்தனை செலவு பண்ணிப் படிக்க வச்சு, கடைசியில சாக்கடை அள்ளவா அனுப்பப் போற?" என்று சிரித்தார். பக்கத்துல இருந்தவங்களும் சிரிச்சாங்க. பொண்ணு எதிர் வரிசையில உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தா. ஒன்னும் சொல்லல. ரசம் வர்றதுக்கு முன்னாடியே இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டா.

எனக்கு அந்த இடத்துல பதில் வரல. ரெண்டு நாள் கழிச்சு அவளேதான் ஒரு ஆளோட பேரைச் சொன்னா. "அப்பா, லண்டன்ல பசல்ஜெட்னு ஒருத்தர் இருந்தாரு, படிச்சுப் பாருங்க" என்றாள். ராத்திரி தண்ணி பாய்ச்சிட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சேன். இங்கிலீஷ் புரியாத இடத்துல அவளைக் கேட்டுக்கிட்டேன். இது அந்தப் பெரியவருக்கு நான் சொல்லாம விட்ட பதில். கொஞ்சம் நீளமாப் போச்சு, பொறுத்துக்கோங்க.

அவர் முழுப்பேர் ஜோசப் வில்லியம் பசல்ஜெட். 1819 மார்ச் 28ல் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு பக்கத்துல பிறந்தார். தாத்தா பிரான்ஸ்ல இருந்து பிழைக்க வந்த தையல்காரர். சாதாரணத் தையல் இல்லை, பின்னாளில் ராஜாவான இளவரசருக்கே துணி தைச்சுக் கொடுத்து, அவருக்குக் கடனும் கொடுத்தவர். அப்பா கப்பற்படையில அதிகாரி, சண்டையில காயம் பட்டவர். பையன் ஆள் சின்ன உருவம், அடிக்கடி உடம்புக்கு முடியாமப் போறவர். இன்ஜினியர் தொழிலை ஜான் மக்னீல் என்பவர்கிட்டப் பழகினார். அயர்லாந்துல நிலத்துல தேங்கின தண்ணியை வடிச்சு, சதுப்பைக் காடாக்குற வேலை. அதனால அவரோட தொழில் ஆரம்பிச்சது வயக்காட்டு வடிகால்ல தான். எனக்கு இந்த இடத்துலயே அவரைப் பிடிச்சுப் போச்சு.

1842ல் லண்டன்ல சொந்தமா ஆபீஸ் போட்டார். 1845ல் மரியாவைக் கல்யாணம் பண்ணினார். அந்தச் சமயம் அங்கே ரயில்வே பைத்தியம் பிடிச்ச காலம். பாதை போடறேன்னு கிளம்பின கம்பெனி ஒவ்வொன்னும் இன்ஜினியரைத் தேடி ஓடி வந்துச்சு. ராப்பகலா வேலை. 1847ல் உடம்பும் மனசும் ஒரேயடியா முறிஞ்சு போச்சு. கல்யாணமாகி ரெண்டே வருஷம். தொழிலை விட்டுட்டு கிராமப்புறம் போய் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓய்வுல இருந்தார். இன்னைக்கு நம்ம பசங்க பெங்களூர்ல வேலை பாத்துட்டு "முடியலப்பா"ன்னு ஊருக்கு வந்து உக்காந்தா, நாம என்ன பேச்சுப் பேசறோம்! பசல்ஜெட்டும் முப்பது வயசுக்குள்ள அப்படி வந்து உக்காந்தவர்தான். அவர் பேர் நின்ன வேலை எல்லாம் அதுக்கு அப்புறம் செஞ்சது.

இனி லண்டன் நெலமையைச் சொல்லணும். அதுவரைக்கும் அந்த ஊர் மலம் எங்கே போச்சுன்னா, வீட்டுக்கு அடியிலயும் பின்னாடியும் இருந்த குழிக்குப் போச்சு. ஊர் முழுக்க அந்த மாதிரி 2 லட்சம் குழி இருந்துச்சாம். ராத்திரியில ஆளுங்க வந்து அள்ளி வண்டியில ஏத்தி ஊருக்கு வெளியில குடியானவங்ககிட்ட விப்பாங்க. அவங்க அதைக் காட்டுல போட்டுக் காய்கறியும் கோதுமையும் வெளைய வச்சு அதே ஊருக்கு அனுப்புவாங்க. நாறினாலும் அது ஒரு சுத்து. மண்ணுல இருந்து போனது மண்ணுக்குத் திரும்பி வந்துச்சு.

அந்தச் சுத்தை ரெண்டு விஷயம் அறுத்துச்சு. ஊர் பெருத்துப் போய் தோட்டம் தொலைவாயிருச்சு, வண்டிக் கூலி கட்டல. அதே நேரத்துல, 1840கள்ல, பெரு நாட்டுத் தீவுகள்ல இருந்து கடல் பறவை எச்சம் கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு. மூட்டையில வர்ற உரம், போட்டதும் பயிர் கருகருன்னு நிக்குது. அப்புறம் எந்தக் குடியானவன் மலக்குழி வண்டிக்குக் காசு கொடுப்பான்? நாம யூரியா மூட்டை வந்ததும் குப்பைமேட்டைக் கைவிட்ட கதையேதான், நூறு வருஷம் முன்னாடி.

ரெண்டாவது, தண்ணி ஊத்திக் கழுவுற கக்கூஸ். 1851ல் லண்டன்ல நடந்த பெரிய பொருட்காட்சியில ஜென்னிங்ஸ் என்பவர் அதை வச்சார். 8 லட்சம் பேருக்கு மேல ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்துப் போய்ப் பாத்தாங்க, அதாவது போனாங்க. வீட்டுக்கு வீடு அது வந்ததும் குழி நிரம்பி வழிஞ்சுது. 1848ல் இருந்து குழியை மூடு, வீட்டுக் குழாயைத் தெருச் சாக்கடையில சேருன்னு அதிகாரிங்க கட்டாயப்படுத்தினாங்க. அந்தத் தெருச் சாக்கடை மழைத்தண்ணிக்குக் கட்டினது. நேரா தேம்ஸ் ஆத்துல போய் விழும். அந்த ஆத்துல இருந்துதான் குடிக்கவும் தண்ணி எடுத்தாங்க.

தேம்ஸ் நம்ம காவேரி மாதிரி ஒரே பக்கமா ஓடற ஆறு இல்லை, அந்த இடத்துல. கடல் அலை ஏத்தம் லண்டன் வரைக்கும் வரும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி மேல ஏறும், ரெண்டு தடவை இறங்கும். காலையில போன கழிவு சாயங்காலம் திரும்பி வரும். 1855ல் மைக்கேல் ஃபாரடே (மின்சாரம் படிச்ச யாருக்கும் இந்தப் பேர் தெரியும்) படகுல போகும்போது வெள்ளைக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுப் பாத்தார். ஒரு அங்குலம் முழுகுறதுக்குள்ள காகிதம் கண்ணுக்குத் தெரியல. அதைப் பத்திரிகைக்கு எழுதியே அனுப்பினார்.

காலரா வந்துச்சு. 1848-49ல் லண்டன்ல மட்டும் 14,000 பேருக்கு மேல செத்தாங்க. 1853-54ல் 10,000 பேருக்கு மேல. அப்ப டாக்டருங்க, அதிகாரிங்க பெரும்பாலானவங்க நினைச்சது என்னன்னா, நாத்தம்தான் நோய், கெட்ட காத்தை மூச்சுல இழுத்தா காலரா வரும்னு. குழியை மூடி எல்லாத்தையும் ஆத்துக்கு விரட்டினதும் அதனாலதான். வீட்டுல நாத்தம் குறைஞ்சுது, குடிதண்ணி விஷமாச்சு. ஜான் ஸ்நோ என்ற டாக்டர், 1854ல் சோஹோ பகுதியில ஒரு தெருக் கைப்பம்பைச் சுத்தி யார் யார் செத்தாங்கன்னு வீடு வீடாக் கணக்கெடுத்து, தண்ணிதான் காரணம்னு சொன்னார். அவர் பேச்சு அன்னைக்கு முழுசா எடுபடல.

ஓய்வு முடிஞ்சு திரும்பின பசல்ஜெட் 1849ல் சாக்கடை ஆணையத்துல உதவி சர்வேயரா சேர்ந்தார். மேல இருந்த தலைமை இன்ஜினியர் ஃபிராங்க் ஃபார்ஸ்டர் 1852ல் இறந்தார். வேலை பாரமும் மன உளைச்சலும் சேர்ந்து ஆளைச் சாய்ச்சிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க. ஒரு தடவை அதே மாதிரி முறிஞ்சு எந்திரிச்ச ஆள், அந்த நாற்காலியில உக்காரப் போறார். வீட்டுல கைக்குழந்தைங்க. மரியா என்ன நினைச்சிருப்பாங்களோ, அதை யாரும் எழுதி வைக்கல.

1856ல் புதுசா அமைச்ச மாநகரப் பணி வாரியத்துக்கு அவர் தலைமை இன்ஜினியர் ஆனார். பெரிய இன்ஜினியர் ப்ரூனல் அவருக்குச் சிபாரிசு பண்ணினார். திட்டம் கையில தயார். ஆனா ரெண்டு வருஷம் ஒரு செங்கல் நகரல. கழிவை ஆத்துல எந்த இடத்துல விடறதுன்னு அரசாங்கத்துக்கும் வாரியத்துக்கும் இழுபறி. ஃபைல் அங்கே போச்சு, இங்கே வந்துச்சு.

1858 ஜூன் மாசம் வெயில் தாங்கல. ஆறு கொதிச்சு நாற ஆரம்பிச்சுது. அதை அவங்க 'பெரு நாத்தம்'னே பேர் வச்சுக் கூப்பிடறாங்க. ஆத்தங்கரையில இருந்த பாராளுமன்றத்துல திரைச்சீலையைச் சுண்ணாம்புக் குளோரைடுல நனைச்சுத் தொங்க விட்டும், உறுப்பினருங்க உக்கார முடியாம எந்திரிச்சு ஓடினாங்க. இத்தனை ஆயிரம் ஏழைங்க செத்தப்ப நகராத ஃபைல், இவங்க மூக்குல ஏறினதும் நகர்ந்துச்சு. 18 நாள்ல சட்டம் நிறைவேறிச்சு. 30 லட்சம் பவுண்டு கடன் வாங்க அனுமதி, எங்கே விடணும்ங்கறது வாரியத்தோட முடிவு. ஏரிக்கரை உடைஞ்சு கலெக்டர் ஆபீஸுக்குள்ள தண்ணி வந்தாத்தான் தூர் வாருவாங்கன்னு நாம சொல்றோமே, அது எல்லா நாட்டுக்கும் பொது போல.

இப்ப அவர் செஞ்ச வேலைக்கு வருவோம். தெருச் சாக்கடை எல்லாம் வடக்கிலயும் தெக்கிலயும் இருந்து ஆத்தைப் பாத்து ஓடுது. அது ஆத்துல விழறதுக்கு முன்னாடியே குறுக்கே மறிச்சு, ஆத்துக்கு இணையா, மேற்கே இருந்து கிழக்கே போற பெரிய கால்வாய்களை மண்ணுக்கு அடியில செங்கல்ல கட்டினார். மேல் மட்டம், நடு மட்டம், கீழ் மட்டம்னு உயரத்துக்கு ஒன்னு. மொத்தம் 82 மைல். அதுல வந்து சேர்ற தெருச் சாக்கடைங்க 1,100 மைல். செங்கல் மட்டும் 31 கோடிக்கு மேல. ஊருக்குக் கிழக்கே, வடகரையில பெக்டன், தென்கரையில கிராஸ்னெஸ், அங்கே கொண்டுபோய் அலை இறங்குற நேரம் பாத்துத் திறந்து விட்டா கடலுக்குப் போயிரும்.

வாய்க்கால் வெட்டினவங்களுக்குத் தெரியும், எல்லாமே வாட்டத்துலதான் இருக்கு. வாட்டம் கம்மியானா தேங்கும், வண்டல் படியும். பசல்ஜெட் ஒரு மைலுக்கு குறைஞ்சது 2 அடி வாட்டம் வச்சார். நம்ம கணக்குல கிலோமீட்டருக்கு ஒன்னேகால் அடி. நான் முக்கால் ஏக்கருக்கு வாய்க்கால் எடுத்து, கடைசிப் பாத்தியில தண்ணி ஏறாமத் திண்டாடினவன். இவர் ஒரு மாநகரத்துக்கு அடியில, வீடு, பாலம், ரயில் பாதை எதுவும் சரியாம, மைல் கணக்குல இந்த வாட்டத்தைப் பிடிச்சிருக்கார். பத்து மைல் போனா 20 அடி ஆழம் போயிருமே, அப்புறம் எப்படி வெளிய வரும்? அங்கதான் பம்ப். டெப்ட்ஃபோர்டு, கிராஸ்னெஸ், ஆபி மில்ஸ் என்று நீராவி இன்ஜின் வச்சு மேல தூக்கினாங்க.

பல இடத்துல கால்வாயோட வடிவம் முட்டையைக் கூர் முனை கீழ இருக்கிற மாதிரி நிறுத்தி வச்சது போல இருக்கும். தண்ணி கம்மியா வர்றப்ப அடி குறுகலா இருக்கறதால வேகமா ஓடி அடியைக் கழுவிட்டுப் போகும். மழை வந்து நிரம்பினா மேல அகலமா இடம் இருக்கும். சுண்ணாம்புக் காரைக்குப் பதிலா போர்ட்லண்ட் சிமெண்டை இவ்வளவு பெரிய வேலையில இவர்தான் துணிஞ்சு போட்டார். அது அப்பப் புதுசு. தண்ணிக்குள்ளயும் கல்லா இறுகும், ஆனா தயாரிப்புல கொஞ்சம் தப்பினா உதிர்ந்துரும். அதனால வர்ற சிமெண்டை எல்லாம் சோதிச்சுத்தான் எடுக்கணும்னு ஒரு முறையே வச்சார். உதவி இன்ஜினியர் ஜான் கிரான்ட் அந்தச் சோதனையைப் பாத்துக்கிட்டார். வரைபடங்கள்ல எல்லாம் பசல்ஜெட் கையால எழுதின குறிப்பு இருக்காம். அன்னைக்கு இருந்த ஜனத்துக்கு மட்டும் அளவு எடுக்காம, பெருகப் போற ஜனத்துக்கும் சேத்துக் கணக்குப் போட்டார். எங்க ஊர்ல போன வருஷம் கட்டின சாக்கடையில, கட்டின அன்னைக்கே தண்ணி ரோட்டுல ஓடுச்சு. அதை விடுங்க.

1865 ஏப்ரல் 4ல் கிராஸ்னெஸ் பம்ப் நிலையத்தைத் திறந்தாங்க. பட்டத்து இளவரசர் வந்து இன்ஜினை ஓட விட்டார். நாலு இன்ஜினுக்கும் ராஜ குடும்பத்துப் பேர்தான்: விக்டோரியா, பிரின்ஸ் கன்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்ஸாண்ட்ரா. சாக்கடைத் தண்ணி இறைக்கிற இன்ஜினுக்கு மகாராணி பேர்! திறந்து முடிச்சு அந்த வளாகத்துலயே விருந்து. இளவரசர், பேராயர்கள், பிரபுக்கள் எல்லாரும் அங்கயே உக்காந்து சாப்பிட்டாங்க. இதை என் பொண்ணு படிச்சுக் காட்டினப்போ எனக்கு அந்தப் பந்திதான் ஞாபகம் வந்துச்சு.

1866ல் மறுபடி காலரா வந்து 5,000 பேருக்கு மேல செத்தாங்க. பெரும்பாலும் கிழக்கு லண்டன், இந்தக் கால்வாய் வேலை இன்னும் முடியாத பக்கம். அங்கே தண்ணி கம்பெனி வடிகட்டாத தண்ணியையும் கலந்து விட்டிருந்துச்சு. வேலை முடிஞ்ச பக்கம் பெருசா ஒன்னுமில்லை. ஸ்நோ சொன்னது சரிதான்னு அப்புறம்தான் நிறையப் பேருக்கு உறைச்சுது. ஆக, நாத்தத்தை ஒழிக்கணும்னு கட்டினது, தெரியாமலே குடிதண்ணியைக் காப்பாத்துச்சு. ஆபி மில்ஸ் 1868ல் ஓட ஆரம்பிச்ச பிறகு லண்டன்ல காலரா கொள்ளை நோயா வரவே இல்லை. 1892ல் ஜெர்மனியில ஹாம்பர்க் ஊர்ல 8,000 பேருக்கு மேல காலராவுல செத்தப்பவும் லண்டனுக்குப் பரவல.

ஆத்தங்கரையில சேத்து மேட்டை மூடி விக்டோரியா எம்பாங்க்மென்ட்னு ஒரு கரையும் சாலையும் கட்டினார், 1870ல் முடிஞ்சுது. சாலைக்கு அடியில கீழ் மட்டக் கால்வாய், பக்கத்துல சுரங்க ரயில். பாலங்களும் தெருக்களும் நிறையக் கட்டினார். 'சர்' பட்டம் கிடைச்சுது.

வீட்டுல குழந்தைங்க மொத்தம் 11. வேலைக்கு நடுவுல இத்தனை பேரையும் வளர்த்தாங்க. முதல்ல மார்டன், பிறகு விம்பிள்டன்னு, ஊருக்கு வெளியில காத்தோட்டமான இடத்துலதான் குடும்பத்தை வச்சிருந்தார். மகன் எட்வர்ட் அப்பாகிட்டயே இன்ஜினியரா வேலை பழகினார். இன்னொரு மகன் நார்மன் வக்கீல், அவரும் நகரக் கழிவை என்ன செய்யறதுன்னு 1877ல் இன்ஜினியர் சங்கத்துல கட்டுரை படிச்சார். வக்கீலுக்குப் படிச்ச பையனும் அப்பா தொழிலைப் பத்தி எழுதறான்னா, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில சாக்கடைப் பேச்சு தாராளமா ஓடியிருக்கும், யாரும் முகம் சுளிச்சிருக்க மாட்டாங்க. அவரோட எள்ளுப் பேரன் ஒருத்தர், பீட்டர் பசல்ஜெட், டிவியில பெரிய ஆள். 'பிக் பிரதர்' நிகழ்ச்சியை பிரிட்டனுக்குக் கொண்டு வந்தவர். நம்ம பிக் பாஸ் அதே அச்சுதான். தாத்தா வீட்டுக்குள்ள இருந்து வெளிய தள்ளினதைப் பேரன் திருப்பி வீட்டுக்குள்ள விட்டுட்டார்னு அங்கேயே கேலி பண்ணுவாங்களாம்.

எல்லாம் சரி. ஒரு குடியானவனா எனக்கு ஒரு குறை இருக்கு, அதையும் சொல்லிடறேன். அத்தனை லட்சம் ஜனம் தின்ன சத்து முழுக்க கடலுக்குப் போச்சு. லீபிக்னு ஒரு ஜெர்மன் ரசாயன அறிஞர் அப்பவே கத்தினார், நிலத்துல இருந்து எடுத்ததை நிலத்துக்குத் திருப்பலைன்னா மண் செத்துரும்னு. வடகரைக் கழிவை 44 மைல் தள்ளி எஸ்ஸெக்ஸ் கடலோர மணலுக்குக் கொண்டுபோய் விளைநிலமாக்கலாம்னு ஒரு கம்பெனி கிளம்புச்சு. பார்க்கிங் பக்கத்துல லாட்ஜ் பார்ம்னு ஒரு பண்ணையில கழிவுத்தண்ணி பாய்ச்சிப் புல் வளர்த்தும் காமிச்சாங்க. பணம் திரளல, திட்டம் படுத்துருச்சு.

கடலுக்குத்தான் போச்சான்னா, அதுவும் சுத்தமாப் போகல. சுத்திகரிக்காம விட்டதால கழிவு வெளியேற்ற இடத்துல ஆறு கெட்டுச்சு. 1878 செப்டம்பர் 3ல் பிரின்சஸ் ஆலிஸ்ங்கற உல்லாசப் படகு அந்த இடத்துக்குப் பக்கத்துல இன்னொரு கப்பல் மோதி முழுகி 600 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் கழிவைத் திறந்து விட்டிருந்தாங்க. நீந்தத் தெரிஞ்சவங்களும் அந்தத் தண்ணியில தப்பலைன்னு பேச்சு கிளம்பிச்சு. பசல்ஜெட் ரொம்ப வருஷம் தன் கட்டுமானம் மேல தப்பில்லைன்னே வாதாடினார். அதுல எனக்கு அவர் மேல வருத்தம்தான். விசாரணை நடந்து, பிறகு சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுக் கசடைப் பிரிச்சு, 1887ல் இருந்து கப்பல்ல ஏத்திக் கடல்ல கொட்டினாங்க. முதல் கப்பலுக்கு 'பசல்ஜெட்'னே பேர். அந்தக் கொட்டல் 1998 வரைக்கும் நடந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல எவ்வளவு எரு! நினைச்சா வயிறு எரியுது.

வாரியத்தைக் கலைச்சதும் 1889ல் ஓய்வு பெற்றார். 1891 மார்ச் 15ல் விம்பிள்டன் வீட்டுல இறந்தார். அவர் கட்டின கால்வாய்ங்க இன்னும் ஓடுது. மழைத்தண்ணியும் கழிவும் ஒன்னா வர்றதால, பெரும் மழையில ஆத்துல வழியறதுக்கு அவரே வழி வச்சிருந்தார். ஊர் பெருத்து இப்ப சின்ன மழைக்கே வழிய ஆரம்பிச்சதால, ஆத்துக்கு அடியில 25 கிலோமீட்டருக்குப் புதுச் சுரங்கம் வெட்டி 2025ல் முழுசா இணைச்சாங்க. அதாவது அவர் போட்ட கணக்கு ஒன்றரை நூற்றாண்டு தாங்கியிருக்கு.

அந்தப் பெரியவர் சொன்ன 'சாக்கடை அள்ளறது' பத்தி ஒரு வார்த்தை. அள்ளற வேலையை நாம யார் தலையில கட்டி, யாரைத் தள்ளி வச்சோம்னு ஊருக்கே தெரியும். ஆள் இறக்கக் கூடாதுன்னு 2013ல் சட்டம் வந்த பிறகும் குழிக்குள்ள விஷவாயுல சாகிற செய்தி வந்துட்டேதான் இருக்கு. ஆள் இறங்காமலே எப்படிச் சுத்தம் பண்றதுங்கறதைத்தான் என் பொண்ணு படிக்கிறா. கசடை எருவாக்கித் திருப்பிக் காட்டுக்குக் கொடுக்கறதும் அவ பாடத்துல இருக்காம். ஆலைக் கழிவு கலந்தா உலோக விஷம் வந்துரும், அதைப் பிரிக்கிறதுதான் கஷ்டம் என்கிறாள்.

கிராஸ்னெஸ்ல 'பிரின்ஸ் கன்சார்ட்' இன்ஜினைத் தன்னார்வலருங்க வருஷக்கணக்கா உழைச்சு மறுபடி ஓட வச்சிருக்காங்க. வீடியோ இருக்கு. நேத்து ராத்திரி மூணு பேரும் உக்காந்து பாத்தோம். அந்த இரும்புத் தூணுங்களுக்குச் சிவப்பும் பச்சையுமா வர்ணம் அடிச்சு, கோயில் மண்டபம் மாதிரி இருக்கு. என் வீட்டுக்காரி பாத்துட்டு, "இதா சாக்கடை பம்ப் செட்டு?" என்று ரெண்டு தடவை கேட்டாள்.